படம் மங்கும் இடம்: பழைய டிவி கேம்களும் ஊவா மலைகளின் திரைகளும்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு டிவி ரிப்பேர் கடை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பரணில் கிடந்த டிவி கேமைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு அங்கே போனேன். நாலு திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டார். "இதுல என்னத்த தம்பி செய்யச் சொல்றீங்க? உள்ளுக்கு ஒண்ணுமே இல்லையே."

உண்மைதான். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. அதன் நடுவில் தார் சொட்டி இறுகியதுபோல ஒரு கறுப்புக் கட்டி. ஓரத்தில் தீப்பெட்டியைவிடச் சிறிய தகரக் கூடு, அதிலிருந்து அன்டெனா வயர். கையில் எடுத்தால் பாரமாக இருக்கட்டும் என்று அடியில் ஒட்டிவிட்ட ஓர் இரும்புத் தகடு. சின்ன வயதில் எங்களை மணிக்கணக்காகத் தரையில் உட்கார வைத்த உலகம் முழுவதும் அந்தக் கறுப்புக் கட்டிக்குள் இருந்திருக்கிறது. தவணைக்கு வாங்கிய 32 அங்குலத் தட்டை டிவியில் இதைக் கண் கூசாமல் பார்க்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

பழைய கேம் பெட்டிகளின் படத்தைத் தெளிவாக்குவது இன்று உலகில் ஒரு தனிக் கைத்தொழில். அதற்கென்றே பலகைகள் வடிவமைத்து விற்பவர்கள் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சரியான விடை இங்கேயும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் டிவி முறை வேறு, கரண்ட் வேறு, சம்பளம் வேறு. ஆகவே இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் இருக்கிற ஒருவருக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்போம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் பிறக்கிற படம் திரைக்கு வரும் வழியில் எந்த இடத்தில் மங்குகிறது என்று பார்க்காமல் ஈயம் உருக்குவது வீண். நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த இடம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது.

மலையேறி வந்த படம்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீன தொலைக்காட்சியோடு தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயரமான மலை, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை. அந்த உச்சியிலிருந்து அலை இறங்கிவந்தாலும், ஊவா மலைகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் எந்தச் சரிவில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே படம் அமைந்தது. மூங்கில் கம்பத்து அன்டெனாவை ஒருவர் திருப்ப, வாசலில் நிற்பவர் "வந்திருச்சு... வந்திருச்சு... ஐயோ போயிருச்சு" என்று கத்துவார். டிவியில் 'மழை பெய்வது' எங்களுக்கு வெளியே பெய்கிற மழையைப் போலவே பழகிய ஒன்று. மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது.

இலங்கை எடுத்துக்கொண்ட வண்ண முறைக்குப் பெயர் 'பால்'. கறக்கிற பால் அல்ல. ஐரோப்பாவில் பிறந்த ஓர் ஒளிபரப்பு முறை. ஒரு படத்துக்கு 625 வரிகள், விநாடிக்கு 50 புலங்கள், நிறத்தைச் சுமக்கும் மீடிறன் சுமார் 4.43 மெகா ஹேர்ட்ஸ். ஜப்பானும் அமெரிக்காவும் வைத்திருந்த என்.டி.எஸ்.சி. முறையில் 525 வரிகள், விநாடிக்கு ஏறத்தாழ 60 புலங்கள், நிற மீடிறன் சுமார் 3.58 மெகா ஹேர்ட்ஸ். கேம் உலகத்தின் தாய்வீடு ஜப்பான். நம் திரையோ 'பால்'. இந்தப் பொருத்தமில்லாத சம்பந்தத்திலிருந்துதான் நம் பக்கத்துச் சிக்கல் தொடங்குகிறது.

நின்டெண்டோ 1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகொம் பெட்டியை நம் ஊர் டிவியில் அப்படியே மாட்டினால் மூன்று இடத்தில் முட்டும். முதலாவது, அது அனுப்பும் அலைவரிசை ஜப்பானிய செனல் 1 அல்லது 2. நம் டிவிகளின் செனல் பிரிப்பு அதோடு ஒத்துப்போவதில்லை. இரண்டாவது, அதன் ஒலி படத்திலிருந்து 4.5 மெகா ஹேர்ட்ஸ் தள்ளி இருக்கும். நம் டிவி 5.5இல் தேடும். ஆகவே படம் வந்தாலும் சத்தம் வராது. மூன்றாவது, 'பால்' மட்டுமே தெரிந்த டிவி அதன் நிறத்தைப் படிக்காது. படம் கறுப்பு வெள்ளையில் நிற்கும். பெட்டரி டிவி வைத்திருந்தவருக்கு இந்த மூன்றாவது குறை தெரியவே வழியில்லை. அவருக்கு எல்லா உலகமும் கறுப்பு வெள்ளைதான். கலர் டிவி வந்த பிறகுதான் பலருக்குக் கேள்வியே பிறந்தது.

இங்கே பரவியது அசல் ஃபாமிகொம் அல்ல, அதன் நகல். தாய்வானில் யூ.எம்.சி. நிறுவனம் ஃபாமிகொமின் சிப்புகளைப் போலவே சிப்புகள் செய்தது. அவற்றில் 'பால்' நாடுகளுக்கென்றே அமைந்த சோடியும் உண்டு. அத்தகைய சிப்புகளை வைத்து, 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரிலும் பெயரே இல்லாமலும் ஆசியா முழுக்கப் பெட்டிகள் போயின. எங்கள் தோட்டத்துக்கு அது புறக்கோட்டை நடைபாதையிலிருந்தும், வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த அக்காமாரின் பயணப் பெட்டிகளிலிருந்தும் வந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக், வாத்து சுடுகிற துவக்கு ஒன்று, 'கேசட்' ஒன்று. அந்தக் கேசட்டில் எத்தனையோ ஆயிரம் கேம் என்று அட்டையில் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒரே வயரில் எத்தனை சுமை

படம் மங்குவதற்குக் காரணம் விளங்க, அது பயணம் போகும் வழி தெரிய வேண்டும். கேம் பெட்டி படத்தை உருவாக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகள் தனித்தனியாக இருப்பதே நல்ல நிலை. அதற்கு ஆர்.ஜி.பி. என்று பெயர். மூன்றுக்கும் தனித்தனி வயர். ஒன்றின் எல்லைக்குள் மற்றது நுழையாது.

அதற்கு ஒரு படி கீழே எஸ்-வீடியோ. இதில் வெளிச்சம் ஒரு வயரிலும் நிறம் இன்னொரு வயரிலும் போகும். அதற்கும் கீழே நமக்குப் பழக்கமான மஞ்சள் சொக்கெட், அதாவது ஏ.வி. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே வயரில் திணித்து, மறுமுனையில் டிவி பிரித்தெடுக்க வேண்டும். கொழுந்தையும் கல்லையும் ஒரே கூடையில் அள்ளிக்கொண்டு போய் ஸ்டோரில் பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பிரிப்பு ஒருநாளும் முழுமையாகாது. சிவப்பு எழுத்தின் ஓரம் வழிந்து நிற்பது, விளிம்புகளில் புள்ளிகள் எறும்புபோல ஊர்வது, மெல்லிய கோடுகளில் வானவில் தெரிவது எல்லாம் அந்தக் கலப்படத்தின் மிச்சம்.

கடைசிப் படி அன்டெனா வயர், அதாவது ஆர்.எஃப். ஏற்கெனவே கலந்த படத்தோடு ஒலியையும் சேர்த்து, ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையம்போல ஒரு செனலில் ஏற்றி அனுப்புவது. என் டிவி கேமின் ஓரத்தில் இருந்த தகரக் கூடு அந்த ஒளிபரப்பு நிலையம்தான். ஏற்றும்போது கொஞ்சம் போகும். டிவி இறக்கும்போது கொஞ்சம் போகும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் இன்னும் கொஞ்சம் போகும்.

இந்த ஏணியில் பெட்டி எந்தப் படி வரை ஏறக்கூடியது, டிவி எந்தப் படியில் வாங்கிக்கொள்ளும் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சொக்கெட்டை மட்டும் நம்பவும் கூடாது. பிரான்ஸில் விற்ற நின்டெண்டோ பெட்டியில் ஆர்.ஜி.பி. வெளியீடு இருந்தது. உள்ளே பார்த்தால், ஏற்கெனவே கலந்துவிட்ட படத்தை ஒரு சிப் பிரித்து மறுபடி ஆர்.ஜி.பி.யாக்கிக் கொடுத்தது. பாதை உயர்ந்ததாக இருந்தாலும் வந்த சரக்கு பழையதுதான்.

பெட்டிக்குப் பெட்டி வேறு

அசல் ஃபாமிகொமில் படத்தை உருவாக்கும் 2சி02 சிப்புக்குள்ளேயே கலப்பு நடந்துவிடுகிறது. அதன் 21ஆவது காலில் வெளிவருவது கலந்த படம் மட்டுமே. அதற்கு மலிவான திருத்தம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 21ஆவது காலிலிருந்து படத்தை நேரே எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர், ஒன்றிரண்டு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர் வழியாக மஞ்சள் சொக்கெட்டுக்குக் கொண்டுவருவது. ஜப்பானியர் அதற்குப் பாவிக்கும் ஏ1015 டிரான்சிஸ்டரைப் பழைய ரேடியோப் பலகைகளிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். நம் ரிப்பேர் கடை லாச்சிகளில் அது சோளம்போலக் கிடக்கும். இப்படிச் செய்தபின் சிலருக்குத் திரையில் நெடுக்காக மங்கல் கம்பிகள் தெரியும். பலகையில் அருகே ஓடும் தடங்களின் இரைச்சல் படத்தில் ஏறுவதே காரணம். 21ஆவது காலைப் பலகையிலிருந்து தூக்கி, அதிலேயே வயரை ஒட்டினால் கம்பிகள் பெருமளவு மறையும். நின்டெண்டோவும் 1993 டிசம்பரில் ஏ.வி. சொக்கெட்டோடு புதிய ஃபாமிகொமை விற்றது. பத்து வருடம் கழித்து வந்த அதிலும் ஆர்.ஜி.பி. கிடையாது.

கலப்புக்கு முந்தைய படம் வேண்டுமென்றால் சிப்பையே மாற்ற வேண்டும். முதலில் சிலர் நின்டெண்டோவின் 'பிளேசொய்ஸ்-10' என்ற கடை விளையாட்டு இயந்திரத்திலிருந்து ஆர்.ஜி.பி. தரும் 2சி03 சிப்பைப் பிடுங்கினார்கள். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைக் கொல்லும் வேலை அது. பிறகு அவுஸ்திரேலியரான டிம் வொர்திங்டன் 'என்.இ.எஸ்.ஆர்.ஜி.பி.' பலகையை உருவாக்கினார். அசல் சிப்பைக் கழற்றி இந்தப் பலகையில் உட்கார வைத்தால், சிப்பின் உள்வேலையைக் கவனித்துப் படத்தை ஆர்.ஜி.பி.யாகத் திரும்பக் கட்டித் தரும். கெவின் ஹோர்ட்டன் வடிவமைத்த 'ஹை-டெஃப் என்.இ.எஸ்.' எச்.டி.எம்.ஐ. வரைக்கும் கொண்டுபோகிறது. இங்கே ஒரு வேடிக்கை. அசல் 2சி02 சிப் நிறங்களை என்.டி.எஸ்.சி. அலையாகவே பிறப்பிக்கிறது, சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு என்ற கணக்கு அதற்குள் இருந்ததே இல்லை. ஆகவே சுத்தமான ஆர்.ஜி.பி. கிடைத்த பிறகு, வானத்தின் நீலம் எந்த நீலம் என்ற சண்டை தொடங்கியது. வொர்திங்டனின் பலகையில் நிறத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பது அதனால்தான்.

செகா 1988இல் வெளியிட்ட மெகா டிரைவ், நின்டெண்டோ 1990இல் வெளியிட்ட சூப்பர் ஃபாமிகொம், சோனி 1994இல் வெளியிட்ட முதல் பிளேஸ்டேஷன் ஆகிய மூன்றின் கதை வேறு. அவற்றின் பின்பக்கச் சொக்கெட்டிலேயே ஆர்.ஜி.பி. இருக்கிறது. பெட்டியைத் திறக்கவே வேண்டாம், வயர் போதும். ஆனால் அந்த வயர் போய்ச் சேர ஐரோப்பிய டிவிகளில் இருந்த 'ஸ்கார்ட்' சொக்கெட் வேண்டும். நம் நாட்டு டிவிகளில் அது அபூர்வம். படம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. கதவுதான் நம் வீட்டில் இல்லை.

1996இன் நின்டெண்டோ 64 இடையில் நிற்கிறது. ஆரம்பகால ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகளில் ஆர்.ஜி.பி. உள்ளே உருவாகிறது, வெளியே வருவதில்லை. டி.எச்.எஸ்.7314 என்ற பெருக்கிச் சிப் ஒன்றை வைத்து அதை வெளியே கொண்டுவரலாம். 1998இன் டிரீம்காஸ்ட் கணினித் திரைக்கான வி.ஜி.ஏ. படத்தையே தருகிறது. கணினிக் கடையின் மூலையில் கிடக்கும் பழைய மொனிட்டரை விலை பேசினால் அதற்கு அதுவே அருமையான திரை.

இங்கே பலர் வைத்திருப்பது 2000ஆம் ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 2. அதற்கும் ஈயம் வேண்டாம். பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட கொம்பொனன்ட் வயர் ஒன்று வாங்கினால், மஞ்சள் வயரில் பார்த்த அதே கேம் முகம் கழுவி வந்ததுபோல இருக்கும். மெமரி கார்ட்டிலிருந்து இயங்கும் ஜி.எஸ்.எம். என்ற இலவச மென்பொருளால் பல கேம்களை 480பி எனும் கூடிய தெளிவுக்கு ஏற்றிக்கொள்ளவும் முடியும். வாங்குமுன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். புதிய டிவிகளில் இந்தச் சொக்கெட் குறைந்துகொண்டே வருகிறது.

கறுப்புக் கட்டியின் எல்லை

இனி என் பெட்டிக்கு வருகிறேன். பழைய நகல்களில் அசலைப் போலவே தனித்தனிச் சிப்புகள் இருந்தன. பின்னால் வந்தவற்றில் எல்லாவற்றையும் ஒரே சிலிக்கனில் அடக்கி, மேலே கறுப்புப் பிசின் ஊற்றிவிட்டார்கள். தூக்க 21ஆவது கால் கிடையாது. மாற்ற சிப் கிடையாது. அதிலிருந்து ஒரு கோடு வெளியே வருகிறது, அது கலந்த படம். அந்தக் கோடு நேரே தகரக் கூட்டுக்குப் போகிறது. கூட்டுக்கு முன்னால் அதைப் பிடித்து மஞ்சள் சொக்கெட்டுக்குத் திருப்பலாம். அதற்குமேல் எந்த வித்தைக்கும் அது மசியாது. டிவி கேமுக்கு எச்.டி.எம்.ஐ. வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் வைக்கப்போவது ஒரு மாற்றிப் பெட்டியை மட்டுமே.

டிவி பக்கத்துச் சிக்கல்

பெட்டியில் எவ்வளவு செலவழித்தாலும் தட்டை டிவி அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது தனிக் கதை. பழைய கேம்கள் தருவது 240பி. என்.டி.எஸ்.சி. கணக்கில் விநாடிக்கு அறுபது தடவை, ஏறத்தாழ 240 வரிகளில் ஒரு முழுப் படம். பல தட்டை டிவிகள் அதை 480ஐ, அதாவது பாதிப் பாதியாக வரும் ஒளிபரப்புப் படம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டு படங்களைப் பின்னிச் சேர்க்கும். ஒன்றுவிட்டு ஒரு தடவை மின்னி நிழல்போலத் தெரிய வேண்டிய உருவம் ஒன்று முழுக்க மறையும், அல்லது சீப்புப் பல்போல வெட்டுப்படும். இந்தப் பின்னல் வேலைக்கு நேரமும் ஆகும். 60 புலக் கணக்கில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடிதான். டிவி மூன்று நாலு படம் பிந்தினால், பொத்தானை அமுக்கியும் மரியோ குழியில் விழுவான். பிள்ளை தன் கையை நொந்துகொள்ளும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து மலைநாட்டுக் கடைகள் வரை கிடைக்கும் சின்ன வெள்ளை நிற 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.' மாற்றிகள் இதே பின்னல் பிழையைச் செய்பவை. மஞ்சள் சொக்கெட் இல்லாத டிவிக்கு அது ஒரு பாலம். தெளிவு கூடும் என்று அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

சரியாகச் செய்பவை வரிப் பெருக்கிகள். பின்லாந்தின் மார்க்குஸ் ஹீன்காரி வடிவமைத்த ஓ.எஸ்.எஸ்.சி. கருவி 240பி-யை 240பி என்று அடையாளம் கண்டு, ஒவ்வொரு வரியையும் இரண்டாக, மூன்றாக, ஐந்தாகப் பெருக்கி அனுப்புகிறது. முழுப் படத்தையும் சேமித்து வைத்துக்கொள்ளாததால் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்காவின் மைக் சியின் ரெட்ரோடிங்க் வரிசையும் அதே வேலையை வெவ்வேறு விலைகளில் செய்கிறது.

நம் ஊருக்குப் பொருத்தமான, ஆனால் அதிகம் பேசப்படாத வழி ஒன்று உண்டு. பெட்டியை விட்டுவிட்டுப் பழைய குழாய் டிவியைத் திருத்துவது. 1990களிலும் 2000களிலும் வந்த சீனப் பலகை டிவிகள் பலவற்றில் எல்.ஏ.76810 போன்ற சிப் இருக்கும். சத்தம் கூட்டும்போது திரையில் வரும் பச்சைக் கோடும் செனல் இலக்கமும் ஆர்.ஜி.பி.யாகவே அந்தச் சிப்புக்குள் நுழைகின்றன. அந்த நுழைவாயிலில் பிளேஸ்டேஷனின் ஆர்.ஜி.பி.யையும் சேர்த்துவிட்டால், ஸ்கார்ட் இல்லாத டிவியிலும் கண்ணாடிபோலப் படம். இதில் இன்னொரு லாபம்: ஆர்.ஜி.பி.யில் நிறத்தைச் சுமக்கும் மீடிறன் கிடையாது. 3.58, 4.43 என்ற 'பால்' – என்.டி.எஸ்.சி. நிறச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.

ஆனால் இதைப் பழகாதவர் தொடவே கூடாது. குழாய் டிவிக்குள் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும் அழுத்தம், நிறுத்திய பின்னும் தங்கி நிற்கும். சில பலகைகளின் நிலமே கரண்டோடு நேரே தொடர்புள்ளது. இருபது வருடம் டிவி திருத்தியவர்கள்கூட ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வேலை செய்கிறார்கள்.

கரண்ட், ஈரம், இடி

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. ஜப்பானிலிருந்து பாவித்த சாமானாக வரும் பெட்டியின் அடப்டரை நேரே சொருகினால் அதே நிமிடம் புகை. அசல் ஃபாமிகொமுக்கு 10 வோல்ட் நேர்மின்சாரம், நடு முனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் சாதாரண அடப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பொசிட்டிவ். முனை மாறினால் பெட்டி போகும். சரியான முனையுள்ள அடப்டராக இருந்தாலும் மலிவானது என்றால், திரையில் சாய்வான கோடுகள் மெல்ல மேலேறும். படம் மங்கியதாக நினைத்து வரும் பெட்டிகளில் பாதி இந்த அடப்டர் கோளாறுதான் என்று கடைக்கார அண்ணன் சொன்னார். சில நூறு ரூபாவில் முடியும் வேலை.

இரண்டாவது ஈரம். ஹப்புத்தளையிலும் வெலிமடையிலும் மூடுபனி ஜன்னலால் உள்ளே வந்து போகும். வருடக்கணக்காகப் பரணில் கிடந்த கேசட்டின் செப்பு முனைகள் பச்சை பிடிக்கும். கேம் ஓடாவிட்டால் கேசட்டை வாயால் ஊதுவது உலகப் பொது வழக்கம். ஊதும்போது போவது காற்று மட்டுமல்ல, எச்சில் ஈரமும் சேர்ந்தே போகிறது. அது முனையை இன்னும் அரிக்கும். அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபிரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். 1990களின் பெட்டிகளில் உள்ள கண்டென்சர்கள் கசிந்து பலகையைத் தின்றுகொண்டிருக்கும். செகாவின் கேம் கியர் இதற்குப் பெயர்போனது. அதற்குப் படத் திருத்தம் செய்யுமுன் கண்டென்சர் மாற்ற வேண்டும்.

மூன்றாவது இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி இந்த மலைகளுக்கு வழக்கம். கூரை அன்டெனாவோ டிஷ்ஷோ டிவியோடு பொருந்தியிருக்க, டிவியோடு கேம் பெட்டியும் பொருந்தியிருந்தால், ஒரு மின்னலில் இரண்டும் போகும். வானம் கறுக்கும்போது சுவரிலிருந்து சகலதையும் பிடுங்குங்கள் என்று நம் அம்மாமார் சொன்னது எந்தத் தொழில்நுட்பக் கையேட்டுக்கும் குறைந்ததல்ல.

எத்தனை பேர் விழ வேண்டும்

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. டொலரை 300 ரூபாவாக வைத்துக்கொள்வோம். நூறு டொலர் விலையுள்ள ஒரு பலகையோ வரிப் பெருக்கியோ 30,000 ரூபா, அதாவது 2024இன் கணக்கில் 22 நாள் சம்பளம். 2023இன் இறுதியில் 750 டொலருக்கு வந்த ரெட்ரோடிங்க் 4கே வாங்க 225,000 ரூபா. 166 நாளுக்குமேல் மலையேற வேண்டும். அதுவும் எல்லா நாளும் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால். நிறை குறைந்து அரைப் பேர் போட்டால் கணக்கு இன்னும் நீளும். இது சுங்கத் தீர்வையும் தபால் செலவும் சேர்க்காத கணக்கு. 2022 நெருக்கடியில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அப்போது இந்தப் பேச்சே கனவாகப் போயிற்று.

எனவே நமக்கு வரிசை இப்படித்தான் அமையும். முதலில் காசில்லாத வேலை: டிவி ரிமோட்டில் 'கேம் மோட்' போடுவது, 16:9க்கு இழுபட்டுக் குண்டாகத் தெரியும் படத்தை 4:3க்குக் கொண்டுவருவது, கூர்மையைக் குறைப்பது. அடுத்தது நூறு ரூபாக்களில் முடியும் வேலை: நல்ல அடப்டர், சுத்தமான முனைகள், பெட்டி தரக்கூடிய மிகச் சிறந்த வயர். பிறகு ஆயிரங்களில் முடியும் வேலை: ஆர்.எஃப். மட்டும் உள்ள பெட்டிக்கு ஏ.வி. சொக்கெட். அதன் பிறகும் ஆசையும் காசும் மிஞ்சினால் பலகைகளைப் பற்றி யோசிக்கலாம். முதல் மூன்றும் உள்ளூர் ரிப்பேர் கடையின் எல்லைக்குள் இருப்பவை. 1924இல் வந்த ரயில் பாதை முடியும் ஊர் பதுளை. கொழும்பிலிருந்து வர வேண்டிய சிப்பு இரவுத் தபால் ரயிலில் வரும் வரை வாடிக்கையாளரைக் காக்க வைத்துப் பழகிய கைகள், இருப்பதை வைத்து முடிக்கக் கற்றவை. பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஒரு டிரான்சிஸ்டர் ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்று விளங்க இதைவிட ஆசையான பாடம் கிடைக்காது.

திருத்தத்தான் வேண்டுமா?

எதிர்வாதங்கள் மூன்று. அவற்றில் ஒன்று வலுவானது.

முதல் வாதம்: கைபேசியிலேயே எல்லாப் பழைய கேமும் ஓடுகிறது, எச்.டி.எம்.ஐ.யில் சொருகும் 'கேம் ஸ்டிக்' சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது. பழைய பெட்டி எதற்கு? தெளிவு மட்டுமே வேண்டுமென்றால் இது சரியான விடை. ஆனால் அந்தக் குச்சிகளில் நிரப்பியிருக்கும் கேம்கள் பெரும்பாலும் உரிமையின்றிப் பிரதி செய்தவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த நாட்டில்தான் இருக்கிறது. நகல் டிவி கேம் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான்.

இரண்டாவது வாதம்: பெட்டியை வெட்டித் துளையிட்டால் அதன் பழமை போய்விடும். அசல் பெட்டிக்கு இது பொருந்தும். வெட்டாமலும் திரும்பக் கழற்றக்கூடியதாகவும் செய்வதே நல்ல வேலைக்கு அடையாளம். ஆர்.எஃப். வயர் வந்த ஓட்டையிலேயே ஏ.வி. சொக்கெட் உட்காரும்போது டிரில்லுக்கு என்ன வேலை?

மூன்றாவது வாதம்தான் யோசிக்க வைக்கிறது. அந்தப் படங்கள் மங்கலான திரைக்கென்றே வரையப்பட்டவை. 1991இல் மெகா டிரைவில் வந்த சோனிக் கேமில் நீர்வீழ்ச்சி, ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக நெடுங்கோடுகளால் ஆனது. மஞ்சள் வயரில், குழாய் டிவியில், அந்தக் கோடுகள் ஒன்றாகக் கரைந்து கண்ணாடி நீராகும். ஆர்.ஜி.பி.யில் தட்டை டிவியில் பார்த்தால் அது வெறும் வேலிக்கம்பி. துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பனியோடு பார்த்துப் பழகியவருக்கு இது எளிதில் விளங்கும். வாத்து சுடும் துவக்கும் அப்படியே. குழாய்த் திரை வரிவரியாக ஒளிரும் கணக்கை நம்பி அது குறி பார்க்கிறது. தட்டை டிவியில் இங்கே சொன்ன எந்தப் படத் திருத்தமும் அந்த வாத்தை விழ வைக்காது. ஆகவே குழாய் டிவி ஒன்று நல்ல நிலையில் இருந்தால், அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள். 240பி-க்கு அதைவிடப் பொருத்தமான திரை இன்னும் வரவில்லை.

கடைசியில் என் பெட்டிக்கு நடந்தது இவ்வளவுதான். பழைய அடப்டரை ஓரம் வைத்தோம். தகரக் கூட்டுக்கு முன்னால் ஓடிய கோட்டைப் பிடித்து, ஒரு ரேடியோப் பலகையிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டர் வழியாக, அன்டெனா வயர் இருந்த ஓட்டையில் மஞ்சள் சொக்கெட். டிவியில் 4:3, கேம் மோட். சாய்கோடுகள் போயின, மழை நின்றது, எழுத்து வாசிக்கக்கூடியதாக வந்தது. சிவப்பின் ஓரம் இன்னும் வழிகிறது; அது கறுப்புக் கட்டிக்குள்ளேயே நடக்கும் கலப்பு, அதோடு சமாதானமாகிவிட்டேன். மூடியைத் திருகுமுன் அண்ணன் கழற்றிய தகரக் கூட்டை ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி, இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் டேப்பால் ஒட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"பழைய டிவியில துவக்கு வச்சி வாத்து சுடணும்னு பொடியன் ஒருநாளைக்குக் கேப்பான் தம்பி. அந்த டிவியில மஞ்சள் சொக்கெட் இருக்காது."